சிறப்பு அறிவு தேவையில்லை

மார்ச் 4, செவ்வாய்

இன்று எங்கள் லிஃப்ட் அவசர மேசைக்கு ஐந்து அழைப்பு. நாலு சும்மா. யாரோ மூட்டையைச் சாய்த்து வைத்ததில் லிஃப்ட்டின் அவசரப் பொத்தான் அழுந்தியிருக்கிறது. ஒன்றுதான் உண்மை. பல் மருத்துவர் இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண். அப்போதுதான் பல் பிடுங்கியிருக்கிறார்கள், வாய் நிறையப் பஞ்சு. "ஆமான்னா ஒரு தட்டு, இல்லைன்னா ரெண்டு தட்டு தட்டும்மா" என்றேன். இருபத்திரண்டு நிமிடம் நான் பேசினேன், அவள் தட்டினாள். கல்யாணம் ஆகிவிட்டதா என்றதற்கு ஒரு தட்டு. வீட்டுக்காரர் நல்லவரா என்றதற்கு ஒன்றரைத் தட்டு.

மெக்கானிக்கை அனுப்பும் முன் வழக்கம்போல் என் பெட்டியைத் திறந்து அட்டையைப் பார்த்தேன். செருப்புப் பெட்டிதான். கட்டடத்துக்கு ஓர் அட்டை, மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு. இந்தக் கட்டடத்துக்கு இப்படி இருந்தது: "மோட்டார் அறைச் சாவி காவலாளியிடம் இல்லை. இரண்டாம் மாடி வக்கீல் வீட்டில். அவர் வெளியூர் போனால் எதிர்க் காய்கறிக் கடையில்." கம்ப்யூட்டரில் இதெல்லாம் கிடையாது. அதில் தெருவும் கதவு எண்ணும் மட்டும்தான்.

போய்த் திறந்துவிட்டவன் கயிறு. எஃகுக் கயிறு மாற்றுவதில் கெட்டிக்காரன், அதனால் அந்தப் பெயர் என்று அவனே சொல்லிக்கொள்வான். ஆளைப் பார்த்தவர்கள் வேறு காரணம் சொல்வார்கள்.

அழைப்பு மேசைக்காரர்கள் ஐந்து பேரையும் நாளை மறுநாள் மேலாளர் கூப்பிட்டிருக்கிறார். பிஸ்கெட் உண்டாம். பிஸ்கெட் வைத்துச் சொன்ன செய்தி எதுவும் இதுவரை நல்லதாக இருந்ததில்லை.

மார்ச் 6, வியாழன்

மே முதல் தேதியிலிருந்து எங்கள் மேசை இங்கே இருக்காது. கடல் தாண்டி இன்னொரு நாட்டில் இன்னொரு கம்பெனி எடுத்து நடத்தும். இங்கே லிஃப்ட்டில் பொத்தானை அழுத்தினால் மணி அங்கே அடிக்கும். அவர்கள் கம்ப்யூட்டரில் பார்த்து இங்குள்ள மெக்கானிக்குக்குச் சொல்வார்கள்.

"உங்க ஒருத்தர் சம்பளத்துல அங்க நாலு பேர் வேலை செய்வாங்கம்மா. லீவு, மருத்துவச் செலவு, ஓய்வூதியப் பங்கு எல்லாம் சேர்த்துப் பார்த்தா அஞ்சு பேர்" என்றார் மேலாளர். பொய் சொல்லவில்லை. போன வருஷம் நாற்பது கட்டடம் கையை விட்டுப் போனது, குறைந்த விலை சொன்ன இன்னொரு கம்பெனிக்கு. "உங்க அஞ்சு பேரை அனுப்பினாத்தான் அறுபது மெக்கானிக் நிக்க முடியும்" என்றார். கணக்கு சரிதான். அதுதான் இன்னும் கோபம்.

ஆளுக்கொரு தாள் கொடுத்தார். வேலை, அதன் தன்மை, இங்கே ஆகும் செலவு, அங்கே ஆகும் செலவு என்று கட்டம் கட்டமாக. எங்கள் வேலைக்கு நேரே எழுதியிருந்தது: "தொலைபேசிக்குப் பதில் அளித்தல். சிறப்பு அறிவு தேவையில்லை."

பிஸ்கெட்டைத் தொடவில்லை.

மார்ச் 7, வெள்ளி

சிறப்பு அறிவு தேவையில்லை. மூன்று சொல். காலையிலிருந்து பல்லில் மாட்டிய நார் மாதிரி.

மார்ச் 10, திங்கள்

யாருக்கும் தெரியாதது இல்லை, இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

நான் இங்கே தரை துடைக்க வந்தவள். எட்டாவதோடு படிப்பு நின்றது. மேசையில் ஆள் இல்லாத ஒரு மதியம் மணி அடித்துக்கொண்டே இருந்தது, துடைப்பத்தைச் சாத்திவிட்டு எடுத்தேன். அன்று ஆரம்பித்தது. மெக்கானிக்குகள் தூக்கிப்போட்ட பழைய வரைபடங்களை வீட்டுக்குக் கொண்டுபோய் விரலால் கோடு கோடாகப் பின்தொடர்ந்து படித்தேன். பிரேக் எது, மின்தடை வந்தால் எது பிடிக்கும், கதவு ஏன் பாதியில் நிற்கும் — ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய்க் கட்டடம் கட்டடமாகப் பார்த்து அட்டை எழுதினேன். அந்த பஸ் காசு என்னுடையது.

பதினோராவது வருஷம், அழைப்பு மேசையில் மேல்படியான 'கட்டுப்பாட்டாளர்' பதவி கேட்டேன். சான்றிதழ் இல்லை என்றார்கள். பதினெட்டாவது வருஷம் கேட்டேன். அதே பதில். அட்டையில் உள்ளதைக் கம்ப்யூட்டரில் ஏற்றலாமே என்றதற்கு, அதற்கு அதில் கட்டம் இல்லை என்று சிரித்தார் அன்றைய மேலாளர். இருபத்தேழு வருஷமும் நான் 'உதவியாளர்'. யாருக்கு உதவி என்று எங்கும் எழுதவில்லை.

மெக்கானிக்குகள் மட்டும் அத்தை என்பார்கள். அது பதவி இல்லை.

மார்ச் 19, புதன்

வேலையை ஒப்படைக்கும் வகுப்பு இன்று தொடங்கியது. காலை ஆறு மணிக்கே வர வேண்டும், அவர்கள் நேரத்துக்காக. திரையில் ஒரு பெண். நம் பேச்சுதான், இழுப்பு மட்டும் வேறு. என்ன கேட்டாலும் முதலில் 'நன்றி மேடம்'.

"ஒரு கால் எவ்வளவு நேரம் பேசுவீங்க மேடம்?"

"கதவு திறக்கிற வரைக்கும்."

"எங்களுக்கு மூணு நிமிஷம் மேடம். அதுக்கு மேல போனா மார்க் குறையும்."

அவள்மேல் கோபம் வந்தது. ஏன் அவள்மேல்? தெரியவில்லை. முகம் கைக்கு எட்டுவதுபோல் இருந்தது, அதனால் இருக்கும்.

மார்ச் 26, புதன்

பெட்டியைப் பற்றி மேலாளருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள்.

"அந்த அட்டைகளை ஸ்கேன் பண்ணி அனுப்பிடலாம்மா. அதுக்குன்னு தனியா ஒரு தொகை தரேன்."

"காசு வேண்டாம். தாள்ல இருக்கிற அந்த வரியை அடிச்சிட்டு, 'சிறப்பு அறிவு தேவை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. எனக்கு கட்டுப்பாட்டாளர்னு ஒரு கடிதம். ஒரு மாசத்துக்குப் போதும். பெட்டியை அன்னிக்கே தரேன்."

நாற்காலியில் சாய்ந்தார். "அந்த ஒரு வார்த்தையை மாத்தினா மொத்தக் கணக்கும் மாறிடும்மா. அறிவு தேவைன்னு எழுதினா அங்கயும் அதுக்கேத்த ஆளைப் போடணும், அதுக்கேத்த சம்பளம் குடுக்கணும். நாலு பேர் ஒண்ணரை பேரா ஆயிடுவாங்க. அப்புறம் அனுப்பறதுல அர்த்தமே இல்லையே."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

"நீங்க பேசறது புரியுதும்மா. மேல ஒத்துக்க மாட்டாங்க."

"அப்ப பெட்டியும் மேல வராது."

ஆக, இத்தனை வருஷம் நான் வாங்காமல் விட்ட அந்த வார்த்தைதான் அவர்களுக்கு லாபம். நன்றாகப் புரிந்தது. யாரும் சொல்லித் தராமலே.

ஏப்ரல் 9, புதன்

காலை உணவின்போது அவர் — என் வீட்டுக்காரர், முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், இப்போது முட்டி வலியோடு நாற்காலியை ஓட்டுகிறார் — ஆரம்பித்தார்.

"பிடிவாதத்துக்குன்னு ஒரு பதவி இருந்தா நீ எப்பவோ மேலாளர் ஆகியிருப்ப."

"நீங்க ரூட்டை மாத்துங்க. அந்தப் பக்கம் வண்டி போகாது."

"குடுக்கிற காசை வாங்கிக்க. முட்டி ஆபரேஷன் பண்ணிக்கலாம்."

தட்டை எடுத்துக்கொண்டு போனேன். முட்டி விஷயம் நியாயம்தான். நியாயமாகப் பேசினால் எனக்கு எரிச்சல்.

வகுப்பில் அந்தப் பெண் இன்று நேரம் முடிந்த பிறகும் திரையை அணைக்கவில்லை. "மேடம், நீங்க ஏதோ அட்டை பார்த்துச் சொல்வீங்கன்னு மத்தவங்க சொன்னாங்க. எனக்கு முக்கியமானது மட்டும் ஒரு பத்து, பதினஞ்சு..."

"உங்க கம்பெனிகிட்ட கேளு."

தலையாட்டினாள். பிறகு, நான் கேட்காமலே, அவள் தெருவில் இந்தச் சம்பளம் வாங்குவது அவள் ஒருத்திதான் என்றாள். தம்பி, தங்கை படிப்பு, வீட்டு வாடகை எல்லாம் அதில்தான். சொன்ன தொகை என் சம்பளத்தில் கால்வாசி. அவளுக்கு அது பெருமை.

நான் 'சரி' என்று மட்டும் சொன்னேன்.

ஏப்ரல் 30, புதன்

கடைசி நாள். பெட்டியைத் துணிப்பைக்குள் வைத்து வெளியே வந்தேன். வாசல் காவலாளி பையைத் திறந்து பார்த்தான். "செருப்பாம்மா?" "ஆமா." மூடிக் கொடுத்தான்.

கயிறு பஸ் நிறுத்தம் வரை வந்தான். அவர்களுக்குப் புது போன் கொடுத்திருக்கிறார்களாம். யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று வரைபடத்தில் பார்த்து அவர்களையே அனுப்புமாம். "இனிமே ஏரியாவெல்லாம் கிடையாது அத்தை. கிட்ட இருக்கிறவன் போகணும். என் ஏரியாவைத் தாண்டி எனக்கு ஒரு கட்டடமும் தெரியாது." சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

மே 6, செவ்வாய்

மேலாளர் மூன்று முறை போன் செய்துவிட்டார். இரண்டாம் தடவை தொகையை ஏற்றினார். கம்பெனி எண்கள் எல்லாம் ஒரே மாதிரி ஆரம்பிக்கின்றன, பார்த்தாலே தெரிகிறது. "வார்த்தை மாறினா கூப்பிடுங்க, இல்லைன்னா இனிமே எடுக்க மாட்டேன்" என்று வைத்துவிட்டேன்.

மே 14, புதன்

போன் அடித்தது. அதே எண் வரிசை. எடுக்கவில்லை. நன்றாக இருந்தது.

மே 22, வியாழன்

மதியம் கம்பெனி எண்ணிலிருந்து நாலு முறை. துணி மடித்துக்கொண்டிருந்தேன். போனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு மடிப்பை முடித்தேன். அவர் தூக்கத்திலிருந்து எழுந்து "எடுத்துத்தான் பாரேன்" என்றார். தேவை அவர்களுக்கு. வரட்டும், வாசலுக்கே வரட்டும்.

மே 23, வெள்ளி

வாசலுக்கு வந்தது கயிறு.

செருப்பைக் கூடக் கழற்றாமல் உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தான். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"ஏன் அத்தை எடுக்கலை?"

எனக்குப் புரியவில்லை.

"நாலு தடவை அடிச்சேன். என் போன் வண்டியில செத்துக் கிடந்தது. கம்பெனி குடுத்த புது போன்லதான் அடிச்சேன்."

மெதுவாகச் சொன்னான். அச்சகம் இருக்கும் ஆறு மாடிக் கட்டடம். நாலாம் மாடிக்குக் கீழே லிஃப்ட் நின்றிருக்கிறது. உள்ளே ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ஒரு பெரியவர், தனியாக. கயிறுதான் கிட்டே இருந்தான், அவனை அனுப்பினார்கள். ஒன்பது நிமிடத்தில் போய்விட்டான். ஆனால் மோட்டார் அறைக்குப் போனால்தான் பிரேக்கைத் தளர்த்தி இறக்க முடியும். மேலே ஏறினான். அறைக்குப் போகும் வழியைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். காவலாளி புதியவன், அவனுக்கும் தெரியாது. அந்தப் பகுதி மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அவன் வேறொரு லிஃப்ட்டின் குழிக்குள் இருந்தான், சிக்னல் இல்லை. பிறகு என்னை.

"அப்புறம்?"

"கூட்டம் பார்த்து அடுத்த கட்டடத்துத் தையல்காரர் வந்தாரு. 'அங்க ஏன் தேடறீங்க, வழி எங்க பக்கம்ல'ன்னு சாவியை நீட்டுனாரு. ஒரு மணி ஐம்பது நிமிஷம் ஆயிடுச்சு அத்தை. தூக்கிட்டு வரும்போது மூச்சு இழுத்துக்கிட்டு இருந்துச்சு."

தையல்காரர். ஆமாம். அந்த இரண்டு கட்டடமும் முன்பு ஒன்று. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது நடுவில் சுவர் எழுப்பினார்கள். மோட்டார் அறைக்குப் போகப் பக்கத்துக் கட்டடத்து மொட்டை மாடி ஏறித் தாண்டி வர வேண்டும்.

எனக்கு அட்டையைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. போனை எடுத்திருந்தால் நின்ற இடத்திலிருந்தே ஒரு வரியில் சொல்லியிருப்பேன்.

மே 24, சனி

பெரியவர் இன்று காலை போய்விட்டார்.

மே 26, திங்கள்

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை. எடுத்துக்கோங்க என்று மேசைமேல் வைத்தேன். மேலாளர் கை நீட்டவில்லை. அவர் கண்ணும் தூங்காத கண்தான்.

"இப்ப வாங்கக் கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்காரு. தப்பா நினைக்காதீங்கம்மா."

திரும்ப அதே பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மே 29, வியாழன்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர், ஏற்கெனவே நெஞ்சு பலவீனம், லிஃப்ட் நிற்காவிட்டாலும் — இப்படி ஆறுதல் சொல்கிறார் வீட்டுக்காரர். இருக்கலாம். நானும் அப்படித்தான் ஆரம்பிக்கிறேன், பாதி வரைக்கும் போகிறேன். பிறகு துணி மடித்தது ஞாபகம் வருது. என்ன மடிச்சேன்? தலையணை உறை. ரெண்டு துண்டு. அவரோட வேட்டி. அது கசங்கியே கிடந்தா என்ன ஆயிருக்கும்?

ஜூன் 3, செவ்வாய்

அந்தப் பெண் கூப்பிட்டாள். அவள் சொந்த எண். கயிறிடம் என் எண் வாங்கியிருக்கிறாள். வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

"நான்தான் முதல்ல எடுத்தேன் மேடம். மெக்கானிக் வராருன்னு சொன்னேன். மூணு நிமிஷம் ஆச்சு. 'வைக்காதம்மா'ன்னு சொன்னாரு. ரெண்டு தடவை சொன்னாரு. நான் வச்சிட்டேன்."

"அது உன் ரூல்."

"அப்புறம் அவர் பொத்தானை அழுத்தினப்ப எல்லாம் வேற வேற ஆளுக்குப் போயிருக்கு. எல்லாரும் முதல்லேர்ந்து பேரு, விலாசம் கேட்டிருக்காங்க. பதினேழு தடவை அழுத்தியிருக்காரு." பிறகு கேட்டாள்: "நான் உங்ககிட்ட பத்து, பதினஞ்சு அட்டை கேட்டேன்ல, அதுல இந்தக் கட்டடம் இருந்திருக்குமா மேடம்?"

"இருந்திருக்கும்" என்றேன். இருந்திருக்கும். முதல் பத்திலேயே.

அவள் என்னைத் திட்டவில்லை. நன்றி மேடம் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

ஜூன் 8, ஞாயிறு

கயிறு வந்து அட்டைகளை ஒவ்வொன்றாகத் தரையில் வைத்துப் போனில் படம் எடுத்தான். அறுபது மெக்கானிக்குகளுக்கும் அனுப்புகிறானாம். நான் வரிசை கலையாமல் எடுத்து நீட்டினேன். மதியம் வரை முந்நூறு ஆனது. அச்சகக் கட்டடத்து அட்டை வந்தது. அவன் அதை இரண்டு தடவை படம் எடுத்தான், முதல் படம் ஆடிப்போயிற்று.

ஜூன் 12, வியாழன்

பதிவுத் தபால். அரசாங்க லிஃப்ட் பாதுகாப்பு அதிகாரியின் விசாரணை இருபத்து நாலாம் தேதி. கூடவே கம்பெனி வக்கீலின் கடிதம். "கட்டுப்பாட்டாளராகச் செயல்பட்ட தாங்கள், பணிக்கு இன்றியமையாத சிறப்பு அறிவைத் தங்கள் வசம் வைத்திருந்தும், பலமுறை கேட்டும் ஒப்படைக்க மறுத்தீர்கள்."

கட்டுப்பாட்டாளர். சிறப்பு அறிவு. முத்திரையோடு.

இருபத்தேழு வருஷத்தில் மூன்று முறை கேட்டேன். ஒரு பெரியவர் செத்ததும் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்காரர் கடிதத்தை மூன்று தடவை படித்தார். "உன்கிட்ட அவங்க முதல்ல குடுத்த தாள் இருக்குல்ல? அதுல அவங்களே தேவையில்லைன்னு எழுதியிருக்காங்க. அதை நீட்டு. 'நான் போன் எடுக்கிற ஆளு, எனக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு சொல்லிட்டு வந்துடு. யாரும் உன்னை ஒண்ணும் பண்ண முடியாது."

உண்மைதான். தப்பிக்க அந்த ஒரு வரி போதும்.

ஜூன் 24, செவ்வாய்

நீளமான அறை, சுவரில் வண்ணம் உரிந்திருந்தது. அதிகாரி நடுவில். ஒரு பக்கம் மேலாளரும் வக்கீலும். இன்னொரு பக்கம் பெரியவரின் மகள், நாற்பது வயது இருக்கும், கையில் அப்பாவின் மருத்துவச் சீட்டுகள் உள்ள பிளாஸ்டிக் உறை.

"உங்க வேலைக்குச் சிறப்பு அறிவு தேவையாம்மா?" என்று கேட்டார் அதிகாரி.

வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தாள் என் பையில் இருந்தது.

"தேவை" என்றேன்.

"உங்ககிட்ட அது இருந்துச்சா?"

"இருந்துச்சு. அறுநூத்திப் பன்னிரண்டு கட்டடத்துக்கு."

"கேட்டப்போ குடுக்கலை."

"குடுக்கலை." தண்ணீர் கேட்டேன். குடித்துவிட்டுச் சொன்னேன்: "அன்னிக்கு மதியம் எனக்கு நாலு போன் வந்துச்சு. கம்பெனின்னு நினைச்சு எடுக்கலை. நீங்க கேட்கலை, நானே சொல்றேன்."

மேலாளர் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

அதற்கு அப்புறம்தான் தாளை எடுத்து வைத்தேன். "இதையும் சேர்த்துக்கோங்க. தேவையில்லைன்னு இவங்க எழுதிக் குடுத்தது. அப்படி எழுதினதாலதான் மூணு நிமிஷம்னு ரூல் வச்சு ஒரு பொண்ணை உட்கார வச்சாங்க. அந்தப் பொண்ணுகிட்ட எந்தத் தப்பும் இல்லை. அவ என்கிட்ட கேட்டா. நான்தான் குடுக்காம, உங்க கம்பெனிகிட்ட கேளுன்னு சொன்னேன்."

வெளியே வரும்போது பெரியவரின் மகள் வராண்டாவில் நின்றிருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று கிட்டே போனேன். "பக்கத்துக் கட்டடம் வழியாவா?" என்று கேட்டாள். "ஆமாம்மா." "அவ்வளவுதானா?" என்றாள். அவள் படியிறங்கிப் போனாள். லிஃப்ட் இருந்தது, அவள் அதில் ஏறவில்லை.

ஜூலை 16, புதன்

உத்தரவு வந்தது. கம்பெனிக்கு அபராதம். இனி ஒவ்வொரு கட்டடத்துக்கும் வழிக்குறிப்பு எழுதிக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், அந்தந்தப் பகுதி தெரிந்த ஆளையே அனுப்ப வேண்டும். மேசை கடல் தாண்டி அங்கேயே இருக்கும். அறிவை ஒப்படைக்க மறுத்ததற்காக எனக்கு வர வேண்டிய பணிக்கொடையில் பாதி பிடித்தம். முட்டி ஆபரேஷன் இந்த வருஷம் இல்லை. அவர் படித்துவிட்டு, "நான் எங்க ஓடப் போறேன்" என்றார்.

அந்தப் பெண்ணைப் பற்றி உத்தரவில் ஒரு வரியும் இல்லை. அவள் இந்த அதிகாரியின் எல்லைக்குள் வர மாட்டாளாம். கூப்பிட்டுப் பார்த்தேன். எண் உபயோகத்தில் இல்லை.

பதினோரு மணிக்கு நீளமான எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. எடுத்தேன். இப்போதெல்லாம் எது வந்தாலும் எடுக்கிறேன். ஏதோ காப்பீடு விற்கும் பெண். எனக்கு வாங்க வசதியில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பரவாயில்லை மேடம், திட்டத்தை முழுசாகச் சொன்னால்தான் எங்களுக்குக் கணக்கில் சேரும் என்றாள். சொல்லச் சொன்னேன். எழுதி வைத்ததைப் படிக்கிறாள், பக்கம் திருப்பும் சத்தம் கேட்டது. அவளுக்குப் பின்னால் நிறையக் குரல்கள், எல்லோரும் அதையே படித்துக்கொண்டிருந்தார்கள்.

நடுவில் நிறுத்தி, "மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கேம்மா. நீ சொல்லு."